அன்னபூர்ணா சர்க்யூட் போறீங்களா? அவசரத்த ஊர்லயே விட்டுட்டு கிளம்புங்க

இமயமலைல ட்ரெக் போகணும்னு எங்கிட்ட கேக்குறவங்க பாதிப் பேரு எடுத்த உடனே "எத்தன நாள்ல முடிக்கலாம்?"னுதான் கேக்குறாங்க. தப்பு அங்கயே ஆரம்பிச்சிடுது. நேபாளத்துல அன்னபூர்ணா சர்க்யூட் நான் ரெண்டு தடவ போனேன். முதல் தடவ லீவு பத்தலன்னு அடிச்சுப் புடிச்சு ஓடி, லேதர்ங்கற இடத்துல தலைய புடிச்சிக்கிட்டு வந்த வழியே இறங்குனேன். ரெண்டாவது தடவ பதினாறு நாள் ஒதுக்கிட்டு போய் தோராங் லாங்கற கணவாய தாண்டி அந்தப் பக்கம் போயிட்டேன். உடம்பு அதே உடம்புதான், சொல்லப்போனா ரெண்டாவது தடவ மூணு கிலோ வெயிட் வேற கூட. மாறுனது நாள் கணக்கு மட்டும்தான். அதனால கீழ நான் சொல்றதுல எத மறந்தாலும் இத மறக்காதீங்க, ஷூவ விட ஜாக்கெட்ட விட முக்கியமா நீங்க கொண்டு போக வேண்டியது ரெண்டு மூணு எக்ஸ்ட்ரா நாள்.

முதல்ல இது என்ன ரூட்னு சொல்லிடறேன். அன்னபூர்ணா மலைக்கூட்டத்த ஒரு அரைவட்டமா சுத்தி வர்றது. ஒரு பக்கம் மர்ஸ்யாங்டி ஆத்த புடிச்சிக்கிட்டே மேல ஏறணும், 5,416 மீட்டர்ல தோராங் லாவ தாண்டணும் (திபெத் பாஷைல 'லா'ன்னா கணவாய்), அப்புறம் காளி கண்டகி ஆத்து பக்கமா இறங்கணும். ஆரம்பிக்கிற பேசிசஹார் 760 மீட்டர்தான், நெல்லு வயலும் வாழையுமா நம்ம ஊர் மாதிரியே இருக்கும். நாலு நாள்ல பைன் மரக்காடு, ஆறு நாள்ல மரமே இல்லாத காஞ்ச மலை, அப்புறம் பனி, தாண்டி அந்தப் பக்கம் இறங்குனா கிட்டத்தட்ட பாலைவனம். ஒரே ட்ரெக்ல இவ்வளவு மாறுற ரூட் ரொம்ப கம்மி.

எப்ப போகணும்? அக்டோபர், நவம்பர் இல்லன்னா மார்ச் கடைசிலருந்து ஏப்ரல். ஜூன்லருந்து செப்டம்பர் வரைக்கும் மழை, கீழ்ப்பகுதில அட்டையும் மண்சரிவும். டிசம்பர் ஜனவரில கணவாய் பனில மூடிடும், லாட்ஜ் பாதி பூட்டி இருக்கும். அக்டோபர்ல போறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், அது நம்ம ஆளுங்களுக்கு சட்டுனு புரியும். 2014 அக்டோபர் 12ஆம் தேதி ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்துல கரைய கடந்துச்சுல்ல, அந்தப் புயலோட மிச்சம் அப்படியே வடக்க போய் ரெண்டே நாள்ல தோராங் லா மேல பனிப்புயலா கொட்டுச்சு, நாப்பது பேருக்கு மேல செத்துப் போனாங்க. வானம் பளிச்சுனு இருக்கிற சீசன்தான் அது, யாரும் எதிர்பாக்கல. அதனால மேல போகும்போது நேபாள வானிலை மட்டும் பாத்தா பத்தாது, வங்கக்கடல்ல புயல் சின்னம் ஏதாவது இருக்கான்னும் பாருங்க, இல்ல வீட்டுக்கு போன் பண்ணி கேளுங்க. இருந்துச்சுன்னா கணவாய்க்கு முன்னாடி வர்ற மனாங்ங்கற ஊர்லயே ரெண்டு நாள் படுத்துருங்க.

பேப்பர் வேலை பெருசா ஒண்ணும் இல்ல. இந்தியர்களுக்கு விசா வேண்டாம். ஆனா பாஸ்போர்ட் இல்லன்னா ஓட்டர் ஐடி ஒரிஜினல் வேணும், ஆதார் கார்ட நம்பி ஏர்போர்ட்டுக்கு போயிடாதீங்க, 15 வயசுலருந்து 65 வயசு வரைக்கும் இருக்கிறவங்களுக்கு அது செல்லாது. அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கு பெர்மிட் எடுக்கணும், அத எல்லாரும் ஏகாப் பெர்மிட்னு சொல்வாங்க, நம்மள மாதிரி சார்க் நாட்டுக்காரங்களுக்கு நேபாள ரூபாயில 1000, மத்த வெளிநாட்டுக்காரங்களுக்கு 3000. கூட ட்ரெக் போறவங்கள பதிவு பண்ணிக்கிற டிம்ஸ் கார்டுனு ஒண்ணு. ரெண்டும் காத்மாண்டுலயோ பொக்காராலயோ எடுத்துக்கலாம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ நாலு கையில வெச்சுக்கங்க. 2023 ஏப்ரல்லருந்து லைசென்ஸ் உள்ள கைடு இல்லாம போகக்கூடாதுனு ரூல் போட்டுட்டாங்க. இந்த ரூலும் கட்டணமும் அப்பப்ப மாறும், கிளம்புற வாரத்துல ஒருதடவ செக் பண்ணிக்கங்க. கைடு எதுக்கு தண்டச் செலவுனு நானும் நினைச்ச ஆள்தான், ஆனா சீசன்ல மேல ரூம் புடிச்சுக் குடுக்கவும், உங்க மூஞ்சிய பாத்தே "இன்னிக்கு மேல போக வேணாம்"னு சொல்லவும் ஒரு ஆள் கூட இருக்கிறது அங்க போனாதான் தெரியும்.

காசு பத்தி. 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய், இது ஃபிக்ஸட் ரேட். காத்மாண்டுலயே மொத்தமா மாத்திடுங்க. பேசிசஹார் தாண்டினா ஏடிஎம்ம நம்பவே கூடாது, வழில சாமேங்கற ஊர்ல இருக்கும்பாங்க, கரண்ட் இருந்தா காசு இருக்காது, காசு இருந்தா நெட் இருக்காது. அடுத்து நம்பிக்கையா ஏடிஎம் பாக்குறது கணவாய தாண்டி ஜோம்சோம்லதான். இன்சூரன்ஸ் எடுக்கும்போது ஹெலிகாப்டர் மீட்பும், 6,000 மீட்டர் வரைக்கும் ட்ரெக்கிங்கும் கவர் ஆகுதானு எழுத்துல பாருங்க. சாதா டிராவல் பாலிசில பல நேரம் 3,000, 4,000 மீட்டரோட நிறுத்திடுவான், அங்கதான் உண்மையான பிரச்சனையே ஆரம்பிக்கும்.

உடம்ப ரெடி பண்றது எப்படின்னா, மலை இல்லாத ஊர்க்காரங்களுக்கு மாடிப்படிதான் மலை. மூணு மாசத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சு வாரத்துல நாலு நாள், முதுகுல ஆறேழு கிலோ பைய மாட்டிக்கிட்டு ஏறி இறங்குங்க. இறங்குறதயும் சேத்துதான் சொல்றேன், லிஃப்ட்ல இறங்கிடாதீங்க, ஏன்னா தோராங் லா தாண்டுன அன்னிக்கு 1,600 மீட்டர் ஒரேயடியா இறங்கணும், மூச்சு தாங்குற ஆளுக்கும் முட்டி தாங்காது. சீசன்ல வெள்ளியங்கிரி, இல்லன்னா பர்வதமலை ரெண்டு மூணு தடவ போய்ட்டு வந்தா கால் தயாரா இருக்கானு தெரிஞ்சிடும். ஆனா ஒரு விஷயம், கால் ஃபிட்டா இருக்கிறதுக்கும் உயரம் ஒத்துக்கிறதுக்கும் சம்பந்தமே கிடையாது. மாரத்தான் ஓடுற பையன் படுத்துருவான், ஐம்பத்தஞ்சு வயசு அக்கா ஒருத்தங்க ஆடி அசைஞ்சு மேல போயிடுவாங்க. நான் கண்ணால பாத்தது.

பேக்கிங்ல நம்ம ஆளுங்க பண்ற பெரிய தப்பு பருத்தி. காட்டன் பனியன், ஜீன்ஸ் எல்லாம் வேர்வைல நனைஞ்சா காயாது, காத்தடிச்சா ஐஸ் மாதிரி உடம்போட ஒட்டிக்கும். உள்ள சீக்கிரம் காயுற டீ ஷர்ட் இல்லன்னா தெர்மல், அது மேல ஃப்ளீஸ், அது மேல காத்து மழை தாங்குற ஜாக்கெட், சாயங்காலத்துக்கு பறவை இறகு அடைச்ச டவுன் ஜாக்கெட் ஒண்ணு, இவ்வளவுதான். டவுன் ஜாக்கெட்டும் ஸ்லீப்பிங் பேகும் காசு குடுத்து வாங்க வேணாம், காத்மாண்டு தமேல் ஏரியால வாடகைக்கு கிடைக்கும். (தமேல்ல பெரிய பிராண்டு பேரு போட்டு மலிவா விக்கிறது முக்கால்வாசி டூப்ளிகேட்தான், ஜாக்கெட்டுன்னா பரவால்ல, ஷூ மட்டும் அங்க வாங்காதீங்க. எனக்கு ஒரு கடைல வாங்குன ஷூ நாலாவது நாள் வாய பொளந்துடுச்சு, மிச்ச தூரம் கயிறு கட்டிதான் நடந்தேன்.) ஷூவ ஊர்லயே வாங்கி ஒரு மாசம் போட்டு நடந்து பழக்கிடுங்க. கம்பளி சாக்ஸ் மூணு ஜோடி, கையுறை ரெண்டு, காத மூடுற குல்லா, கூலிங் கிளாஸ் நல்லதா ஒண்ணு. பனில வெயில் திருப்பி அடிக்கும், கண்ணாடி இல்லாம நாலு மணி நேரம் நடந்தா ராத்திரி கண்ணுல மண்ண அள்ளிப் போட்ட மாதிரி எரியும். ட்ரெக்கிங் ஸ்டிக் ரெண்டு, இத கேவலமா நினைக்காதீங்க, முட்டி உங்களுக்கு நன்றி சொல்லும்.

சின்னச் சின்ன சாமான்: தேங்காய் எண்ணெய் எடுத்துட்டு போனா கல்லு மாதிரி உறைஞ்சிடும், வாஸ்லீன் போதும். லுங்கி ஒண்ணு கண்டிப்பா வைங்க, துணி மாத்த, துண்டா, தலைகாணி உறையா, எல்லாத்துக்கும் ஆகும். பவர் பேங்க், போன் பேட்டரி எல்லாம் ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள கட்டிப் புடிச்சுப் படுங்க, குளிருல சார்ஜ் தானா இறங்கிடும். கால் நகத்த கிளம்பறதுக்கு முன்னாடி ஒட்ட வெட்டுங்க, இல்லன்னா இறக்கத்துல ஷூவுல இடிச்சு கறுத்துப் போயிடும். பருப்புப்பொடி ஒரு பாக்கெட், ஊறுகாய் ஒரு பாக்கெட், ஏன்னு பின்னாடி சொல்றேன். மொத்தப் பையும் பத்து கிலோவுக்குள்ள நிக்கணும். போர்ட்டர் வெச்சா ரெண்டு பேரு சாமானையும் சேத்து 20 கிலோவுக்கு மேல அந்த மனுஷன் முதுகுல ஏத்தாதீங்க, அவருக்கு ஜாக்கெட், ஷூ, இன்சூரன்ஸ் இருக்கானு கிளம்பறதுக்கு முன்னாடியே கேளுங்க. செருப்பு மாட்டிக்கிட்டு 5,000 மீட்டர்ல சாமான் தூக்குற போர்ட்டர நான் பாத்திருக்கேன், அத பாத்துட்டு ராத்திரி சாப்பாடு இறங்கல.

இப்ப ரூட். இன்னிக்கு மனாங் வரைக்கும் ஜீப் போகுது. இதுதான் பெரிய வினை. காத்மாண்டு 1,400 மீட்டர், அங்கிருந்து பஸ்ஸும் ஜீப்புமா ரெண்டே நாள்ல 3,540 மீட்டர் மனாங்ல போய் இறங்கலாம், இறங்குன உடம்பு என்ன ஆகும்? எங்கூட முதல் தடவ வந்த மச்சான் ஒருத்தன் "ரோடு இருக்கும்போது எதுக்குடா நடக்கணும்"னு சாமேலருந்து ஜீப்ல ஏறுனான், நாங்க மனாங் போய் சேர்றப்ப அவன் ரூம்ல பக்கெட்ட கட்டிக்கிட்டு வாந்தி எடுத்துட்டு இருந்தான். என் யோசனை என்னன்னா, பேசிசஹார்லருந்து ஜகத் இல்லன்னா தாராபானி வரைக்கும் ஜீப்ல போங்க, அந்தப் பகுதில ரோட்டுத் தூசிதான், பெருசா இழப்பு இல்ல. தாராபானி 1,860 மீட்டர். அங்கிருந்து நடை. அடுத்த ரெண்டு நாள்ல சாமே, 2,670. மனாங் மாவட்டத்துக்கு தலைநகரம் அதுதான், ஆனா ஒரு தெருதான் இருக்கும். ரோட்ட விட்டு விலகிப் போற பாதைங்களுக்கு பாறைல, மரத்துல சிவப்பு வெள்ளை கோடு போட்டிருப்பாங்க, நீலம் வெள்ளைன்னா அது கிளைப்பாதை. கோட்ட புடிச்சிக்கிட்டே போனா ஜீப் சத்தம் அவ்வளவா கேக்காது.

சாமேக்கு அப்புறம் மேல் பிசாங், 3,300. இங்கதான் ஒரு முக்கியமான முடிவு. இங்கிருந்து மனாங்குக்கு ரெண்டு வழி, கீழ் வழி சமதளமா ரோட்டோட போகும், ஒரே நாள். மேல் வழி கயாரு, நவல்ங்கற ரெண்டு பழைய கிராமத்து வழியா போகும், ரெண்டு நாள். மேல் வழிலயே போங்க. கயாருவுக்கு முன்னாடி கிட்டத்தட்ட 400 மீட்டர் செங்குத்து ஏத்தம், வளைஞ்சு வளைஞ்சு போகும், பாதில நின்னு இந்தத் தொழில் நமக்கு எதுக்குன்னு தோணும். மேல ஏறி நின்னீங்கன்னா எதிர்ல 7,937 மீட்டர் அன்னபூர்ணா ரெண்டு, நடுவுல எதுவுமே இல்லாம மொத்த மலையும் நெத்திக்கு நேரா நிக்கும். அதுக்காக மட்டும் சொல்லல. நவல்ல 3,660ல தூங்கிட்டு அடுத்த நாள் 3,540 மனாங்குக்கு இறங்குறீங்கல்ல, மேல போய்ட்டு கீழ வந்து தூங்குறதுதான் உடம்புக்கு புடிச்ச வழி, அந்த வேலைய இந்த ரூட் தானா பண்ணிக் குடுத்துடும்.

கிராமங்கள்ல நடந்துக்கிறது பத்தி ஒரு ரெண்டு வார்த்தை. மந்திரம் செதுக்குன கல்ல அடுக்கி சுவரு மாதிரி வெச்சிருப்பாங்க, மணி சுவர்னு பேரு, அது எப்பவும் உங்க வலது கைப்பக்கம் இருக்கிற மாதிரி நடங்க, நம்ம கோயில் பிரதட்சணம் மாதிரியேதான். மந்திரம் எழுதுன உருளைய கையால சுத்துறதும் அதே திசைல. பாஷை தெரியலன்னு கவலைப்படாதீங்க, அரைகுறை ஹிந்தியே ஓடும், ஆனா உறவு முறை சொல்லிக் கூப்பிட்டா மரியாதையே வேற. அண்ணன 'தாய்'னு கூப்பிடணும், அம்மாவ 'ஆமா'னு கூப்பிடணும், அக்கா 'தீதி', தம்பி 'பாய்'. லாட்ஜ் நடத்துற பெரியம்மா ஒருத்தங்கள அவங்க பொண்ணு "ஆமா ஆமா"னு கூப்பிட்டுட்டே இருந்துச்சு, எதுக்கு இந்தப் பொண்ணு எல்லாத்துக்கும் சரி சரின்னு சொல்லுதுனு ஒரு நாள் ஃபுல்லா குழம்பிட்டு இருந்தேன். மனாங்காரங்கள மலைல அடைஞ்சு கிடக்கிற ஜனம்னு எடை போட்டுறாதீங்க, தலைமுறை தலைமுறையா பாங்காக், சிங்கப்பூர், ஹாங்காங்னு வியாபாரத்துக்கு போய் வந்த கூட்டம் அது, அடுப்பங்கரைல உக்காந்து பேசுனா உங்கள விட அதிக ஊர் பாத்திருப்பாங்க. போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி கேளுங்க. புள்ளைங்களுக்கு மிட்டாய் குடுத்துப் பழக்காதீங்க.

வழில கோவேறு கழுதைக் கூட்டம் வரும், கழுத்துல மணி கட்டியிருக்கும், சத்தம் கேட்ட உடனே மலை ஒட்டுன பக்கம் போய் நின்னுக்கங்க, பள்ளத்துப் பக்கம் நிக்கவே கூடாது. அது ரெண்டு பக்கமும் சிலிண்டரோ மூட்டையோ கட்டிட்டு வரும், உங்கள பாத்து ஒதுங்காது, இடிச்சா நேரா மர்ஸ்யாங்டிதான். தொங்கு பாலத்துலயும் அதுங்க முழுசா தாண்டட்டும்னு கரைலயே நில்லுங்க.

தங்குறது சாப்புடுறது எல்லாமே டீ ஹவுஸ்னு சொல்ற லாட்ஜ்தான். ரூம் வாடகை ரொம்ப கம்மி, ஏன்னா அவங்க சம்பாதிக்கிறது சாப்பாட்டுல. அதனால தங்குற இடத்துலயே ராத்திரி சாப்பாடும் காலை டிபனும் சாப்புடணும்ங்கறது எழுதாத சட்டம், அத மீறி பக்கத்து லாட்ஜ்ல போய் சாப்புடறது அசிங்கம். மேல போகப் போக விலை ஏறும், எல்லாம் கழுதை முதுகுலயோ மனுஷன் முதுகுலயோ வந்தது, பேரம் பேசாதீங்க. எத ஆர்டர் பண்ணணும்னா கண்ண மூடிக்கிட்டு தால் பாத். சோறு, பருப்பு, ஒரு காய், அப்பளம், ஊறுகாய், கேக்கக் கேக்க போடுவாங்க, எக்ஸ்ட்ரா காசு கிடையாது. பத்து நாள் ரெண்டு வேளையும் அதே பருப்புன்னா நாலாவது நாள் நாக்கு செத்துடும், அதுக்குதான் பருப்புப்பொடியும் ஊறுகாயும். லாட்ஜ்காரம்மாவுக்கும் கொஞ்சம் குடுங்க, எங்க பூண்டு ஊறுகாய்க்கு ஒரு தட்டு உருளைக்கிழங்கு ஃப்ரீயா வந்துச்சு. கறி வேணாம், மேல ஃபிரிட்ஜ் கிடையாது, எத்தன நாள் முன்னாடி வெட்டி எத்தன நாள் நடந்து வந்ததுனு யாருக்கும் தெரியாது. தண்ணிக்கு பிளாஸ்டிக் பாட்டில் வாங்காம குளோரின் மாத்திரை வெச்சுக்கங்க, சில ஊர்ல பாதுகாப்பான குடிதண்ணி நிலையம்னே வெச்சிருக்காங்க, பாட்டில நீட்டுனா ரொப்பித் தருவாங்க. மனாங் பக்கம் ஒரு ஆரஞ்சு கலர் முள்ளுச்செடிப் பழத்துல ஜூஸ் போடுவாங்க, சீ பக்தார்ன், புளிப்பா இருக்கும், ஒரு கிளாஸ் சூடா குடிச்சுப் பாருங்க.

சரி, உயர நோய். இந்த ஒரு பத்திய மட்டும் நிதானமா படிங்க.

தோராங் லா மேல காத்துல உங்களுக்கு கிடைக்கிற ஆக்சிஜன் கடல் மட்டத்துல கிடைக்கிறதுல பாதிதான். உடம்பு அதுக்கு பழகும், ஆனா அதோட வேகத்துலதான் பழகும், உங்க லீவு லெட்டர் அதுக்கு தெரியாது. கணக்கு என்னன்னா 3,000 மீட்டர் தாண்டுனதுக்கு அப்புறம், நேத்து தூங்குன உயரத்த விட இன்னிக்கு தூங்குற உயரம் 500 மீட்டருக்கு மேல கூடக்கூடாது, மூணு நாலு நாளைக்கு ஒருதடவ ஒரே ஊர்ல ரெண்டு ராத்திரி. பகல்ல எவ்வளவு மேல வேணா போய்ட்டு வாங்க, தூங்குற உயரம்தான் கணக்கு. அதனாலதான் மனாங்ல ஒரு நாள் கண்டிப்பா நிக்கணும், முடிஞ்சா ரெண்டு நாள். நிக்கறதுன்னா ரூம்ல போர்வைய போத்திட்டு படுக்கறது இல்ல, காலைல கங்காபூர்ணா ஏரி பக்கமோ, தெம்பு இருந்தா பிராகாலருந்து 4,600 மீட்டர் ஐஸ் லேக்குக்கோ ஏறிட்டு சாயங்காலம் இறங்கி வந்துடுங்க. மனாங்ல ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷனோட ஹெல்த் போஸ்ட் இருக்கு, சீசன்ல டாக்டருங்க இருப்பாங்க, மத்தியானத்துல உயர நோய் பத்தி இலவசமா ஒரு பேச்சு குடுப்பாங்க, சும்மா போய் உக்காருங்க, எதுல எப்ப பயப்படணும்னு தெளிவா சொல்லித் தருவாங்க.

தலைவலி, சாப்பாடு பாத்தா குமட்டல், தூக்கம் வராம புரள்றது, கள்ளு குடிச்ச மறுநாள் மாதிரி ஒரு மந்தம், இதெல்லாம் ஆரம்பம். இது வந்தா அன்னிக்கு ஒரு அடி மேல போகக்கூடாது, அங்கயே நில்லுங்க, குறைஞ்சா அடுத்த நாள் போகலாம், குறையலன்னா இறங்குங்க. ரெண்டாவது லெவல் ஆபத்து. ஒண்ணு மூளைல வீக்கம், ஆளு தள்ளாடுவான், கேள்வி கேட்டா சம்பந்தமில்லாம பதில் சொல்லுவான். தரைல கோடு போட்டு குதிகாலும் கால்விரலும் ஒட்ட ஒட்ட நடக்கச் சொல்லுங்க, முடியலன்னா முடிவாயிடுச்சு. இன்னொண்ணு நுரையீரல்ல நீர், உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல், சில நேரம் ரோஸ் கலர்ல நுரை. ரெண்டுக்கும் ஒரே வைத்தியம், உடனே இறக்கறது, ராத்திரி ரெண்டு மணின்னாலும் டார்ச்ச புடிச்சிக்கிட்டு இறக்கறது. "காலைல பாக்கலாம்"ங்கறதுதான் ஆள கொல்ற வார்த்தை. தனியா விட்டுட்டும் போகக்கூடாது.

டயமாக்ஸ் மாத்திரை போடலாமானு எல்லாரும் கேப்பாங்க. ஊர்லயே உங்க டாக்டர கேட்டுட்டு வாங்க, பொதுவா தடுப்புக்கு 125 மில்லிகிராம் காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு எழுதித் தருவாங்க, சல்ஃபா மருந்து அலர்ஜி இருந்தா டாக்டர்ட்ட அத முதல்ல சொல்லுங்க. விரல் நுனி ஜிவ்வுனு இருக்கும், ஒண்ணுக்கு அடிக்கடி வரும், பயப்பட வேணாம். ஆனா அது அவசரப்பட்டு ஏறுறதுக்கு லைசென்ஸ் இல்ல. லாட்ஜ்ல எல்லாரும் பூண்டு சூப் குடி, தலைவலி வராதும்பாங்க. அதுக்கு ஆதாரம் ஒண்ணும் கிடையாது, ஆனா சூடா உப்பா இருக்கும், குடிங்க. சாராயமும் தூக்க மாத்திரையும் கணவாய் தாண்டுற வரைக்கும் தொடவே தொடாதீங்க.

முதல் தடவ நான் பண்ணுன தப்பு இதுதான், மனாங்ல நிக்காம அடுத்த நாளே லேதருக்கு போனேன், 4,200 மீட்டர். ஒரே நாள்ல 660 மீட்டர் கூட. ராத்திரி பின்மண்டைல சுத்தியல் வெச்சு அடிக்கிற மாதிரி, காலைல ஷூ லேஸ் கட்டவே பத்து நிமிஷம் ஆச்சு. இறங்குனேன், மத்தியானம் மனாங் வந்தப்ப பசி எடுத்துச்சு, அப்பதான் அப்பாடான்னு இருந்துச்சு. சரியான வழி என்னன்னா, மனாங்லருந்து யாக் கர்க்கா 4,050, மறுநாள் தோராங் பேதி 4,450. அவ்வளவுதான். நாலு மணி நேரத்துல நடந்து முடிச்சிட்டு மிச்ச நாள் சும்மா உக்காந்திருக்க கஷ்டமா இருக்கும், உக்காருங்க. பேதிங்கற பேர பாத்து நம்மாளு எல்லாரும் ஒருதடவ சிரிப்பான், நேபாளில அதுக்கு மலையடிவாரம்னு அர்த்தம், வயித்துப் பிரச்சனை இல்ல. பேதிக்கு மேல 4,880 மீட்டர் கிட்ட ஹை கேம்ப் இருக்கு, சிலர் அங்க தூங்குவாங்க, கடைசி நாள் ஏத்தம் குறையும்ங்கறது வாஸ்தவம்தான், ஆனா அந்த உயரத்துல தூக்கம் வராது. என் ஓட்டு பேதிக்கு.

கணவாய் அன்னிக்கு காலைல நாலு, நாலரைக்கு கிளம்பணும். பத்து மணிக்கு மேல காத்து ஆரம்பிச்சா நிக்க விடாது. மைனஸ் பத்துக்கு கீழ போகும், தண்ணி பாட்டில தலைகீழா வைங்க, ஐஸ் மேல்பக்கமாதான் முதல்ல புடிக்கும், வாய் அடைக்காது. பனி இருந்தா ஷூவுல மாட்டுற முள்ளு சங்கிலி வேணும், மனாங் கடைலயே வாங்கிக்கலாம். வேகம் எப்படின்னா, மூக்கால மூச்சு விட முடியுற வேகம். வாயத் தொறந்து இளைக்க ஆரம்பிச்சா ஜாஸ்தினு அர்த்தம். போர்ட்டருங்க "பிஸ்தாரி பிஸ்தாரி"ம்பாங்க, மெதுவா மெதுவான்னு அர்த்தம். மேடு தெரியும், இதுதான் உச்சினு நினைப்பீங்க, ஏறுனா அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு, இப்படி நாலஞ்சு தடவ ஏமாந்ததுக்கு அப்புறம் கலர் கலரா மந்திரக் கொடி தெரியும், அதுதான். போட்டோ எடுத்துட்டு அரை மணில கிளம்பிடுங்க. மேகம் மூடி பத்தடி தெரியலன்னா மேல போகாம பேதிக்கே திரும்புங்க, கணவாய் எங்கயும் போயிடாது.

அந்தப் பக்கம் இறங்குனா முக்திநாத், சுமார் 3,760 மீட்டர். திருமங்கையாழ்வார் பாடுன திருச்சாளக்கிராமம்னு 108 திவ்ய தேசத்துல ஒண்ணா இதத்தான் சொல்றாங்க. பத்து நாளா தமிழே கேக்காம வந்துட்டு, கோயில் வாசல்ல "ஏய் ஸ்வெட்டர போடுடி"னு ஒரு மாமி குரல் கேட்டப்ப எனக்கு ஒரு நிமிஷம் எங்க இருக்கோம்னே புரியல. பௌத்தர்களுக்கும் அது புண்ணிய இடம், பௌத்த பிக்குணிங்கதான் பாத்துக்கிறாங்க. கோயில் பின்னாடி அரைவட்டமா 108 தாரை விழுந்துட்டே இருக்கும், ஐஸ் தண்ணி. கணவாய் தாண்டுன அன்னிக்கே போய் அதுல குளிக்காதீங்க, உடம்புல சூடே மிச்சம் இருக்காது, நடுக்கம் வந்தா நிக்காது. தூங்கி எழுந்து மறுநாள் வெயில் ஏறுனதுக்கு அப்புறம் குளிங்க, தலைய உடனே துவட்டிட்டு குல்லா போடுங்க. நடக்காம பொக்காராலருந்து ஃப்ளைட்ல வர்ற பெரியவங்களுக்கும் சேத்து சொல்றேன், பொக்காரா 800 சொச்சம் மீட்டர்தான், ஒரே நாள்ல 3,760 வந்துட்டு தலை சுத்துதுன்னா அது பெருமாள் சோதனை இல்ல, உயரம். ஒரு ராத்திரி ஜோம்சோம்ல, 2,720ல தங்கிட்டு வந்தா பாதி பேருக்கு அந்தக் கஷ்டம் வராது.

முக்திநாத்லருந்து காக்பேனிக்கு நடங்க, காலைலயே நடங்க. காளி கண்டகி பள்ளத்தாக்குல பதினோரு மணிக்கு மேல தெக்க இருந்து காத்து கிளம்பும், நீங்க போற திசைக்கு நேர் எதிர்ல, மண்ண வாரி மூஞ்சில அடிக்கும். அதே காத்தாலதான் ஜோம்சோம் பொக்காரா ஃப்ளைட்டு எல்லாம் காலைல மட்டும் பறக்கும், மேகம் வந்துட்டா அதுவும் கேன்சல். அதனால ஊருக்கு திரும்புற டிக்கெட்ட ஜோம்சோம் ஃப்ளைட்டோட ஒட்டிப் போடாதீங்க, நடுவுல ரெண்டு நாள் விடுங்க. ஃப்ளைட் கேன்சல் ஆனா பஸ்ஸோ ஜீப்போ இருக்கு, பொக்காராவுக்கு ஒரு நாள் பூரா குலுக்கி எடுத்துடும். நான் ரெண்டாவது தடவ பஸ்லதான் வந்தேன், மிச்சமிருந்த ஒரு நாள தாதோபானில இறங்கி செலவழிச்சேன். தாதோபானின்னா சுடுதண்ணினு அர்த்தம், ஆத்தோரத்துல வெந்நீர் ஊத்து, பத்து நாள் அழுக்கோட கழுத்து வரைக்கும் அதுல உக்காந்திருந்தேன், லுங்கி அங்கயும் உதவுச்சு.